கருப்பு-வெள்ளைக்கு மாற்றிய இங்க்ஜெட் பிரிண்டர்: முழுமையான பராமரிப்பு வழிகாட்டி

வண்ணப் பிரிண்டரில் மஞ்சள் மை வராமல் நின்றுவிட்டால் படத்திலுள்ள முகம் ஊதாவேறிப் போகும். ஏதோ கோளாறு என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். எல்லாக் கார்ட்ரிட்ஜ்களிலும் கருப்பின் வெவ்வேறு அடர்த்திகளை நிரப்பிய பிரிண்டரில் அப்படி எதுவும் நடக்காது. ஓர் அடர்த்தி வராமல் போனால் அது அச்சாக வேண்டிய இடங்கள் மட்டும் சற்று வெளிறும். மேகத்தில் இருந்த நுணுக்கம் மறையும், அல்லது நிழலுக்கும் இடைச்சாம்பலுக்கும் நடுவே சீராக மாற வேண்டிய இடத்தில் ஒரு படி விழும். படத்தை முதன்முறையாகப் பார்ப்பவர் அதைப் புகைப்படக் கலைஞரின் விருப்பம் என்றே எண்ணிக்கொள்வார். ஆகவே, இத்தகைய பிரிண்டரின் பராமரிப்பு பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைதான். துடைப்பதும் கழுவுவதும் அதற்கு அடுத்தவை.

இந்த வழிகாட்டி எப்சன் 1430 மாதிரியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அது ஏ3+ தாள் வரை அச்சிடும் ஆறு கார்ட்ரிட்ஜ் பிரிண்டர். ஒவ்வொரு மைக்கும் 90 நாசில்கள், அதாவது மை தெறிக்கும் நுண்துளைகள். மிகச் சிறிய துளியின் அளவு 1.5 பிகோலிட்டர். நிறுவனம் அதற்குத் தருவது கிளாரியா என்னும் சாய மை. அதை அகற்றிவிட்டு, கார்பன் நிறமியை ஆறு அடர்த்திகளில் நீர்த்த மைகளை நிரப்பி, ராய் ஹாரிங்டன் உருவாக்கிய குவாட்டோன் ரிப் என்னும் மென்பொருளின் வழியாக அச்சிடுவதையே இங்கே மாற்றம் என்று குறிப்பிடுகிறேன். அந்த மென்பொருளைப் பயனர்கள் கியூடிஆர் என்றே சுருக்கிச் சொல்கிறார்கள். நிரப்பியது ஜான் கோன் உருவாக்கிய பீசோகிராஃபி மையாக இருந்தாலும், பால் ரோர்க் வெளியிட்ட கலவை முறைகளைப் பின்பற்றி நீங்களே நீர்த்த மையாக இருந்தாலும் பராமரிப்பில் பெரிய வேறுபாடு இல்லை. நம் ஊரில் பலர் பயன்படுத்தும் எல்1800 போன்ற டேங்க் மாதிரிகளுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்; மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சாயம் நீரில் கரைந்திருக்கிறது. நிறமியோ கரைவதில்லை, மிதக்கிறது. மிதப்பது நாளடைவில் அடியில் படியும். காய்ந்தால் படலமாக இறுகும். இறுகியது மீண்டும் எளிதில் கலையாது. கீழே வரும் ஏறத்தாழ எல்லாப் பணிகளுக்கும் காரணம் இந்த ஒரே இயல்புதான்.

மாற்றிய அன்றே எடுத்து வைக்க வேண்டியவை

மை மாற்றுவதற்கு முன், பழைய வண்ண மைகள் இருக்கும்போதே ஹெட் அலைன்மென்ட்டை, அதாவது நாசில்கள் உள்ள ஹெட் இரு திசைகளிலும் ஓடும்போது துளிகள் பொருந்தி விழுமாறு ஒழுங்குபடுத்துவதை, முடித்துவிடுங்கள். வெளிறிய சாம்பல் மைகள் ஏறிய பிறகு அலைன்மென்ட் தாளில் எந்தக் கோடு எதனுடன் பொருந்துகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். அதன் பிறகு சுத்திகரிப்புத் திரவம் நிரப்பிய கார்ட்ரிட்ஜ்களைப் பொருத்தி, ஒவ்வொரு நாசிலும் ஒரு சிறு கோடு போடும் நாசில் செக் தாளில் நிறம் சிறிதும் தெரியாத நிலை வரும்வரை பழைய சாயத்தை வெளியேற்ற வேண்டும். உள்ளே சிறிது சிவப்பு மிஞ்சியிருந்தாலும் முதல் சில படங்களின் வெளிறிய பகுதிகளில் அது சாயலாகத் தென்படும்.

புதிய மைகள் முழுமையாக ஏறி, நாசில் செக் குறையின்றி வந்தவுடன் மூன்று தாள்களை அச்சிட்டு எடுத்து வையுங்கள். முதலாவது, நாசில் செக். இரண்டாவது, கியூடிஆரின் கேலிபிரேஷன் முறையில் அச்சாகும் தாள். இதில் ஆறு மைகளும் தனித்தனிப் பட்டைகளாக, படிப்படியாக அடர்த்தி ஏறி அச்சாகும். மூன்றாவது, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கர்வுடன் (எந்தச் சாம்பலுக்கு எந்த மை எவ்வளவு என்று கியூடிஆருக்குச் சொல்லும் கோப்பு) அச்சிட்ட, வெள்ளையிலிருந்து கருப்பு வரை 21 படிகள் கொண்ட ஸ்டெப் வெட்ஜ். மூன்றின் பின்புறத்திலும் தேதி, தாளின் பெயர், ரெசல்யூஷன், மை பாட்டிலின் தொகுதி எண் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி, ஒரு நாள் காயவிட்டு, ஒளிபடாத உறையில் வையுங்கள். இனி எப்போது சந்தேகம் எழுந்தாலும் சாட்சி சொல்லப்போவது இந்த உறைதான். இது இல்லாதவர்கள் நினைவை நம்பி ஒப்பிடுகிறார்கள். சாம்பலின் அடர்த்தியை நினைவில் வைத்திருக்க எவராலும் இயலாது.

கூடவே, எந்த இடத்தில் எந்த அடர்த்தி என்ற வரிசையை ஒரு சீட்டில் எழுதிப் பிரிண்டர் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். கார்ட்ரிட்ஜ் இடங்களின் மேல் இன்னும் சயான், மெஜந்தா என்றே அச்சிட்டிருக்கும். நிரப்பும் அவசரத்தில் அது நிச்சயம் குழப்பும்.

வாரந்தோறும்: நாசில் செக்கும் ஆறு மைத் தாளும்

வாரத்துக்கு ஒரு முறையாவது நாசில் செக் எடுக்க வேண்டும். முக்கியமான படம் அச்சிடும் நாளில், அச்சிடுவதற்கு முன்பும் எடுக்க வேண்டும். இங்கேதான் முதல் சிக்கல். அடர்த்தியான மூன்று மைகளின் கோடுகள் தெளிவாகத் தெரியும்; அடுத்தது மங்கலாகத் தெரியும்; மிக வெளிறிய இரண்டும் தாளில் இருக்கின்றனவா என்றே ஐயம் வரும். மேலோட்டமாகப் பார்த்து 'சரியாகத்தான் இருக்கிறது' என்று முடிவு செய்பவர்கள் அந்த இரண்டையும் பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை. தாளை ஜன்னலருகே கொண்டுபோய், வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு பிடித்து, எட்டு அல்லது பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பால் ஒவ்வொரு படிக்கட்டுக் கோடாகப் பார்க்க வேண்டும். லூப் இல்லையென்றால் கைப்பேசியில் நெருங்கிப் படமெடுத்து, கான்ட்ராஸ்ட்டை முழுவதும் ஏற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய இடைவெளி பளிச்சென்று தெரியும். நாசில் செக்குக்கு மெல்லிய மேட் (பளபளப்பற்ற) தாளைப் பயன்படுத்துவது நல்லது. சாதாரண ஜெராக்ஸ் தாளில் வெளிறிய மை உறிஞ்சப்பட்டுப் பரவிவிடும்.

நாசில் செக்குக்கு அடுத்து, ஆறு மைகளும் ஏறத்தாழச் சம அளவில் செலவாகும் ஒரு தாளை அச்சிடுங்கள். வழக்கமான புகைப்படம் ஒன்றை அச்சிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பனி மூடிய மலைப்படத்தில் முழுக் கருப்பு மை அநேகமாக வேலையே செய்யாது. இரவுப் படத்தில் மிக வெளிறிய மைக்கு வேலை இல்லை. ஓய்வெடுக்கும் மையே முதலில் காய்கிறது. எப்சனின் சாதாரண டிரைவர் வழியாக ஆறு வண்ணக் கட்டங்களை அச்சிடுவதும் பயன்படாது. அந்த டிரைவர் தன் கணக்குப்படி மைகளைக் கலந்து அனுப்பும். கியூடிஆரின் கேலிபிரேஷன் தாளே இதற்கும் ஏற்றது. ஒவ்வொரு மையும் மற்றொன்றின் கலப்பின்றி வருவதால், தாளைப் பழைய உறையிலுள்ள தாளோடு அருகருகே வைத்துப் பார்க்கவும் முடியும்.

இடைவெளி தென்பட்டால் முதலில் காரணத்தைக் கண்டறிய வேண்டும்

நாசில் செக்கில் ஓரிரு கோடுகள் விடுபட்டிருந்தால் கை தானாகவே ஹெட் கிளீனிங் பொத்தானுக்குப் போகும். அதற்கு முன், எதையும் செய்யாமல் இன்னொரு நாசில் செக் எடுத்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். விடுபட்ட கோடுகள் இரண்டு தாள்களிலும் அதே இடத்தில் இருந்தால் நாசிலில் மை காய்ந்திருக்கிறது. அவை இடம் மாறினாலோ, ஒரே மையின் கோடுகள் அடுத்தடுத்து அதிகமாக விடுபட்டுக்கொண்டே போனாலோ காற்று புகுந்திருக்கிறது, அல்லது மை போதிய அளவில் வந்து சேரவில்லை.

காய்ந்த மைக்குக் கிளீனிங் உதவும். ஒரு முறை செய்து, பத்து நிமிடம் பொறுத்து, நாசில் செக் எடுங்கள். தேவையானால் இன்னொரு முறை செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பிரிண்டரை இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். ஹெட் ஓய்வெடுக்கும் மூடியான கேப்புக்குள் இருக்கும் ஈரம் பல சமயம் தானாகவே இறுக்கத்தைத் தளர்த்திவிடும். காற்றாக இருந்தாலோ தொடர்ந்து கிளீனிங் செய்வது நிலைமையை மோசமாக்கும். ஒவ்வொரு கிளீனிங்கும் உறிஞ்சி இழுப்பதுதான். மை வராத இடத்திலிருந்து உறிஞ்சினால் காற்றுதான் வரும். அப்போது கார்ட்ரிட்ஜின் காற்றுத் துளையைப் பாருங்கள். மறுநிரப்பு கார்ட்ரிட்ஜ்களில் அந்தத் துளையின் அடைப்பானைத் திறக்க மறப்பதும், மை வழிந்து துளை அடைபடுவதும் அடிக்கடி நடப்பவை. அடுத்து மையின் அளவைப் பார்க்க வேண்டும். மறுநிரப்பு கார்ட்ரிட்ஜின் சிப் காட்டும் அளவு வெறும் துளிக்கணக்கு. உண்மையில் எவ்வளவு மை இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. டேங்க் மாதிரியாக இருந்தால் குழாயில் காற்றுக்குமிழி நீளமாகத் தெரிகிறதா என்று வெளிச்சம் பிடித்துப் பார்க்கலாம்.

ஊசிக்குழல் வைத்து ஹெட்டுக்குள் திரவத்தை அழுத்திச் செலுத்தும் முறையைக் காட்டும் காணொளிகள் ஏராளம். அது கடைசி வழி. அப்போதும் மெதுவாக உறிஞ்ச வேண்டுமே தவிர, அழுத்தக் கூடாது. இந்த வகை ஹெட்டில் துளியை உந்துவது மெல்லிய பீசோ தகடு. கைவிரலின் அழுத்தம் அதற்கு மிக அதிகம்.

கேப், வைப்பர், ஹெட்டின் அடிப்பகுதி

கிளீனிங் பலன் தராததற்கு ஹெட்டைவிட, ஹெட் ஓய்வெடுக்கும் கேப்பே பெரும்பாலும் காரணமாக இருக்கும். கேப்பின் ரப்பர் விளிம்பில் காய்ந்த மையோ பருத்தித் தூசியோ ஒட்டியிருந்தால் ஹெட்டோடு இறுக்கமாகப் பொருந்தாது. பொருந்தாவிட்டால் உறிஞ்சும் விசை கிடைக்காது. மூடியிருப்பதாக நாம் நினைக்கும் நேரமெல்லாம் நாசில்கள் காற்றில் காய்ந்துகொண்டிருக்கும். எனவே, மாதம் ஒரு முறை இதைச் சுத்தம் செய்வது கட்டாயம் என்பேன்.

செய்முறை இது. பிரிண்டரை இயக்கி, ஹெட் ஓய்விடத்தை விட்டு நகர்ந்த கணத்தில் மின்கம்பியைப் பிடுங்குங்கள். இப்போது ஹெட்டைக் கையால் மெல்ல இடப்பக்கம் தள்ளலாம். வலக்கோடியில் கேப்பும், அதையொட்டி வைப்பர் என்னும் சிறு ரப்பர் தகடும் தெரியும். நுரைப்பஞ்சு முனை கொண்ட குச்சியைச் சுத்திகரிப்புத் திரவத்தில் நனைத்து, கேப்பின் விளிம்பை நான்கு பக்கமும் துடையுங்கள். வைப்பரின் இரு பக்கங்களையும் துடையுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி கூடாது. அது இழைகளை விட்டுச்செல்லும். பிறகு கேப்புக்குள் விளிம்பு வரை திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மின்கம்பியை மாட்டிப் பிரிண்டரை இயக்கும்போது அந்தத் திரவம் முழுவதும் உறிஞ்சப்பட்டு மறைய வேண்டும். மறையாமல் தேங்கி நின்றால் கேப்பின் அடியிலிருந்து பம்புக்குச் செல்லும் குழாய் அடைபட்டிருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை எத்தனை கிளீனிங் செய்தாலும் வீண்.

ஹெட்டின் அடிப்பகுதிக்கு, இழை உதிராத கனமான காகிதத் துவாலையைப் பட்டையாக மடித்து, திரவத்தில் நனைத்து, ஹெட் நகரும் பாதையில் விரித்து, ஹெட்டை அதன் மேல் கொண்டுவந்து அரை மணி நேரம் நிறுத்தலாம். எடுத்துப் பார்த்தால் ஆறு மைகளும் ஆறு கோடுகளாகத் துவாலையில் பதிந்திருக்கும். எந்தக் கோடு வெளிறி இருக்கிறதோ அந்த மையில்தான் சிக்கல். ஹெட்டை முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். ஹெட்டுக்கு மேலே செல்லும் தட்டையான கேபிளில் ஒரு சொட்டுக்கூட விழக் கூடாது. ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் ஹெட்டோடு போர்டும் போகும்.

திரவமாக, மை விற்பவர் அந்த மைக்கென்றே தரும் சுத்திகரிப்புத் திரவமே பாதுகாப்பானது. அவசரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் போதும். குழாய்த் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். அவற்றிலுள்ள உப்பு, காய்ந்த பிறகு நாசில் வாயிலேயே தங்கும். வீட்டு ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு ஓரளவு மிஞ்சியிருக்கும். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அதிலுள்ள சாயத்துக்கும் வாசனைப் பொருளுக்கும் ஹெட்டில் என்ன வேலை என்பதே என் கேள்வி.

மையைக் கையாளும் முறை

1430 மாதிரியில் கார்ட்ரிட்ஜ்கள் ஹெட்டோடு சேர்ந்தே ஓடுகின்றன. அச்சிடும்போது மை தானாகவே குலுங்கும். டேங்க் மாதிரிகளில் மை ஓரிடத்தில் அசையாமல் நிற்பதால் நிறமி அடியில் படிவது அதிகம். கார்ட்ரிட்ஜாக இருந்தால், பிரிண்டர் இரண்டு வாரம் சும்மா இருந்த பிறகு, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, சில முறை மெல்லச் சாய்த்து நிமிர்த்தி, உடனே திருப்பி வைக்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் நுரை வரும். நுரை என்பது காற்று. காற்று எங்கே போய் முடியும் என்பதை மேலே பார்த்தோம்.

படிவதன் விளைவு வினோதமானது. அடியிலிருந்து மை எடுக்கப்படும்போது முதலில் அடர்த்தி கூடியும், பின்னர் போகப்போகக் குறைந்தும் வரும். நாசில் செக் குறையில்லாமல் இருக்கும். ஆனால் ஸ்டெப் வெட்ஜில் நடுப்பகுதி கருத்தோ வெளிறியோ வரும். 'நாசில் எல்லாம் சரி, படம் மட்டும் சரியில்லை' என்ற புகாருக்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

நிரப்பும்போது ஒவ்வோர் அடர்த்திக்கும் தனி ஊசிக்குழல் வைத்துக்கொள்ளுங்கள். கழுவிப் பயன்படுத்தலாம் என்ற சிக்கனம் இங்கே உதவாது. முழுக் கருப்பின் சில சொட்டுகள் மிக வெளிறிய மையில் கலந்தால் அந்தக் கார்ட்ரிட்ஜின் மை முழுவதையும் கொட்டத்தான் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு மை இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். நிரப்பிய பிறகு சில மணி நேரம் பொறுத்தால் குமிழிகள் மேலே வந்துவிடும்.

தாளும் காற்றின் ஈரமும்

அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருப்பது ஹெட்டுக்கும் தாளுக்கும் நல்லது. இரவு பகலாக ஏசி ஓடும் அறையில் ஈரப்பதம் குறைந்து நாசில்கள் காயும். கடற்கரை ஊர்களில் அடைமழை மாதங்களில் நேர்மாறான தொல்லை: தாள் ஈரத்தை இழுத்து விளிம்பு அலையலையாக எழும்பி, ஓடும் ஹெட்டில் உரசும். உரசிய இடத்தில் கருப்புத் தீற்றல் விழுவதோடு, நாசில் வாயில் இழையும் ஒட்டிக்கொள்ளும். தாளை உறையை விட்டு வெளியே வைக்காமல், அச்சிடும் நாளில் மட்டும் எடுங்கள். அறையின் ஈரப்பதத்தை அளக்கச் சாதாரண ஈரமானியே போதுமானது.

ஹானமுலே ஃபோட்டோ ராக் போன்ற பருத்தித் தாள்களின் மேற்பரப்பில் வெட்டும்போது உதிர்ந்த தூசி இருக்கும். அதன் மேல் மை விழுந்து, பிறகு தூசி உதிர்ந்தால் கருப்புப் பரப்பில் வெள்ளைப் புள்ளி தெரியும். ஒவ்வொரு தாளையும் செங்குத்தாகப் பிடித்து, மென்மையான அகன்ற தூரிகையால் மேலிருந்து கீழாக ஓரிரு முறை துடைத்த பிறகே உள்ளே வையுங்கள். அதே தூசி தாளை இழுக்கும் உருளையிலும் படியும். தாள் வழுக்கினால் ஈரத்துணியால் உருளையைத் துடைக்க வேண்டும்.

அளந்து பார்த்தல்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அதே தாளில், அதே அமைப்பில் 21 படி வெட்ஜை மீண்டும் அச்சிட்டு, முன்பு காயவிட்ட அதே கால அளவு காயவிட்டு அளக்க வேண்டும். ஐ1ப்ரோ போன்ற, நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவி இருந்தால் ஒவ்வொரு படியின் எல்-ஸ்டார் மதிப்பு (வெளிர்மையின் அளவு: முழுக் கருப்புக்கு 0, வெள்ளைக்கு 100) நேரடியாகக் கிடைக்கும். நல்ல மேட் தாளில் முழுக் கருப்பு எல்-ஸ்டார் 16 அளவில், அதாவது அச்சின் கருமையைச் சொல்லும் அடர்த்தி அளவில் 1.68 என்று வந்தால் மனநிறைவு கொள்ளலாம். 18 என்றால் அடர்த்தி 1.60. கருவி இல்லாதவர்கள் பழைய வெட்ஜையும் புதிய வெட்ஜையும் ஸ்கேனரில் அருகருகே வைத்து, தானியங்கித் திருத்தங்கள் அனைத்தையும் அணைத்துவிட்டு, ஒரே ஸ்கேனில் எடுத்து ஒப்பிடலாம். மதிப்பு துல்லியமாக இராது. வேறுபாடு துல்லியமாகத் தெரியும். நமக்கு வேண்டியது வேறுபாடுதான்.

ஒரு படியில் எல்-ஸ்டார் ஒன்று அளவுக்கு வேறுபாடு இருந்தால் கண்டுகொள்ள வேண்டாம். இரண்டைத் தாண்டினால் எந்தப் படிகளில் என்று குறித்துக்கொண்டு, கேலிபிரேஷன் தாளில் அந்தப் பகுதிக்குரிய மையின் பட்டையைப் பாருங்கள். இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். வெட்ஜ் வளைந்துவிட்டது என்றவுடன் புதிய மதிப்புகளை கியூடிஆரில் கர்வைத் திருத்தும் லீனியரைஸ் வரியில் இட்டு, கர்வை நேராக்கிவிடுகிறார்கள். அடைபட்ட நாசிலையும் படிந்த மையையும் கர்வைக் கொண்டு மறைத்தால், அடைப்பு நீங்கிய நாளில் கர்வ் தவறாகிவிடும். பிறகு எது உண்மையான நிலை என்றே தெரியாது. நாசில் செக் முழுமையாக இருந்து, மையைக் கலக்கி, இரண்டாம் முறை அச்சிட்டும் வேறுபாடு மாறாமல் நின்றால் மட்டுமே கர்வைத் தொட வேண்டும். மையின் தொகுதி மாறியதும் தாளின் பூச்சு மாறியதும் அதற்கு நியாயமான காரணங்கள். பழைய கர்வ் கோப்பை அழிக்காமல், தேதியிட்ட பெயரில் வைத்திருங்கள்.

மெல்லிய கிடைக்கோடுகள் தென்பட்டு, நாசில்களும் சரியாக இருந்தால், கியூடிஆரில், ஹெட் ஒரே திசையில் ஓடும்போது மட்டும் அச்சிடும் யூனி-டைரக்‌ஷனல் முறையில் ஒரு முறை அச்சிட்டுப் பாருங்கள். கோடு மறைந்தால் குறை அலைன்மென்ட்டில் இருக்கிறது. மறையாவிட்டால் ஹெட்டின் பின்னால் நீளவாக்கில் ஓடும் ஒளிபுகும், ஹெட்டின் இடத்தைக் காட்டும் என்கோடர் பட்டையில் மை தெறித்திருக்கிறதா என்று பார்த்து, லேசாக ஈரப்படுத்திய மெல்லிய துணியால் அழுத்தாமல் துடையுங்கள். கொக்கியிலிருந்து பட்டை கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழிவு மையும் நீண்ட விடுமுறையும்

கிளீனிங்கில் வெளியேறும் மை அடியிலுள்ள பஞ்சு அட்டைக்குப் போகிறது. 1430 மாதிரியில் அதைப் பயனரே மாற்றும் ஏற்பாடு இல்லை. கணக்கு நிறைந்ததும் பிரிண்டர் சர்வீஸ் கேட்டு நின்றுவிடும். மென்பொருளால் கணக்கை மட்டும் பூஜ்யமாக்கி ஓட்டினால் ஒரு நாள் மேசையில் கருப்பு மை வழியும். கழிவுக் குழாயை வெளியே இழுத்து ஒரு பாட்டிலில் விட்டுவிடுவதே நெடுங்காலத் தீர்வு. அதைச் செய்த பிறகு கணக்கைப் பூஜ்யமாக்குங்கள். பாட்டில் பிரிண்டரின் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும்.

இரண்டு மாதத்துக்கு மேல் அச்சிடப் போவதில்லை என்றால், சுத்திகரிப்புத் திரவம் நிரப்பிய இன்னொரு தொகுதி கார்ட்ரிட்ஜ்களைப் பொருத்தி, நாசில் செக் தாள் வெறுமையாக வரும்வரை கிளீனிங் செய்து, பொத்தானால் அணைத்து வையுங்கள். சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் அணைத்தால் ஹெட் கேப்பில் சரியாக அமராமலே நின்றுவிடக்கூடும். வெளியே எடுத்த மை கார்ட்ரிட்ஜ்களின் வாயை டேப்பால் மூடி, காற்றுத் துளையை அடைத்து, மூடிய டப்பாவில் நிமிர்த்தி வையுங்கள். திரும்பி வந்ததும் அவற்றைச் சாய்த்துக் கலக்கி, துளையைத் திறந்து பொருத்தி, வெளிறிய மைகளின் பட்டை பழைய தாளின் அடர்த்தியை எட்டும்வரை கேலிபிரேஷன் தாளை மீண்டும் மீண்டும் அச்சிடுங்கள். ஹெட்டில் தங்கிய திரவம் முழுதும் வெளியேற, நாசில் செக் சரியாக வந்த பிறகும் சில தாள்கள் ஆகும்.